சொல்லின் விலையைத் தருபவர் யார்?



அரசன் தவறும்போது அவன் முன் நின்று அறம் உரைத்த பெரியோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இறைவனே நெற்றிக்கண்ணைத் திறந்தபோதும் நக்கீரர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை; அந்த வெப்பத்தைத் தம் உடலிலேயே தாங்கினார். திருநாவுக்கரசர் பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணிய மறுத்தார். நீற்றறையில் இடப்பட்டவரும் அவரேயாவார். இக்கதைகளைக் கேட்கையில் நமக்கு ஐயம் ஏதும் எழுவதில்லை. சொன்னவர் எவரோ, அச்சொல்லின் விலையைக் கொடுத்தவரும் அவரே. அதனால் அவரை வணங்கி மகிழ்கின்றோம்.

ஆனால், சொன்னவர் மேல் ஒரு கீறலும் படாமல், அவர் சொன்னதற்காக வேறொருவர் வீட்டுக் கதவு நள்ளிரவில் தட்டப்பட்டால் என் செய்வது? அப்போதும் அச்சொல் அறமாகுமா? அல்லது, அவ்வாறு நேரும் என்று அஞ்சி வாளாவிருத்தல் அறமாகுமா?

இவ்வினா சென்ற ஞாயிறு மாலை நம் சங்கத்துப் படிப்பகத்தில் எழுந்தது. எழுப்பியவர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இம்மாநகருக்கு வந்து, நெடுங்காலம் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற கத்தோலிக்கப் பெரியவர் ஒருவர். ஹிட்லரின் காலத்தில் வாழ்ந்த இரு மேற்றிராணியார்களின் வரலாற்றை அவர் எடுத்துரைத்தார். அருகில் நம் தமிழாசிரியர் இருந்தார். பேரனைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு அவனுக்காகக் காத்திருந்த பாட்டியார் ஒருவரும் இருந்தார். ஒரு மணி நேரப் பேச்சு மூன்று மணி நேரமாயிற்று. அப்பேச்சின் சாரத்தையும், அதன்பின் நாம் எண்ணிப் பார்த்தவற்றையும் இத்திங்கள் இப்பகுதியில் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

மூன்ஸ்டர், 1941

ஜெர்மனியின் வடமேற்கே வெஸ்ட்பாலியா என்னும் நாட்டுப்பகுதியில் மூன்ஸ்டர் நகரம் உள்ளது. 1933 முதல் அங்கு மேற்றிராணியாராக இருந்தவர் கிளெமென்ஸ் ஆகஸ்டு ஃபான் காலென் என்பவர். பிரபு குலத்தவர், தேசப்பற்று மிக்கவர். புகழுக்கும் அச்சத்துக்கும் வளையேன் என்னும் கருத்துடைய லத்தீன் சொற்களைத் தம் பதவிக்குரிய முழக்கமாகக் கொண்டவர்.

அக்காலத்தில் நாஜி அரசு ஓர் இரகசியக் கொலைத் திட்டத்தை நடத்தி வந்தது. மனநோயாளரும் தீராக் குறைபாடுடையோரும் நாட்டுக்குச் சுமை என்று கருதி, அவர்களை மருத்துவ விடுதிகளிலிருந்து மூடிய வண்டிகளில் ஏற்றிச்சென்று, ஆறு நிலையங்களில் நச்சுவாயுவால் கொன்றனர். பிறகு, நோயால் இறந்தார் என்று பொய்ச் சான்றிதழ் எழுதி, சாம்பற் கலசத்தை உறவினருக்கு அனுப்பினர். 1940 தொடங்கி 1941 ஆகஸ்டு வரை இவ்வாறு மடிந்தவர் ஏறத்தாழ 70,000 பேர்.

இச்செய்தி 1940ஆம் ஆண்டிலேயே காலெனுக்கு எட்டியிருந்தது. ஜெர்மானிய மேற்றிராணியார்களின் தலைவராக விளங்கிய பிரெஸ்லா நகரத்துக் கர்தினால் பெர்ட்ராம் அவர்களுக்கு அவர் எழுதினார். மேடையில் பேசுவதைவிட அரசுக்கு மடல் வரைந்து மன்றாடுவதே தக்கது என்பது பெர்ட்ராமின் நெறி. ஓராண்டுக் காலம் காலெனும் பொறுத்திருந்தார். அந்த ஓராண்டில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

1941 ஜூலையில் அவருடைய பொறுமை முடிவுற்றது. கெஸ்டபோ என்னும் இரகசியப் போலீஸார் துறவியரை வெளியேற்றி மடங்களைப் பறித்தபோது, ஜூலை 13ஆம் நாளும் 20ஆம் நாளும் பிரசங்க மேடையேறிப் பெயர் சொல்லிக் கண்டித்தார். ஆகஸ்டு 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, புனித லாம்பெர்ட் கோயிலில் மூன்றாம் பிரசங்கம் செய்தார். மருத்துவ விடுதிகளில் நடப்பது கொலையே என்றார். பழுதான இயந்திரத்தை எறிவதுபோலும் நொண்டிக் குதிரையைச் சுடுவதுபோலும் மனிதரை ஒழிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், முதுமை வந்தபின் நம் கதி என்ன, போர்முனையில் கால் இழந்து திரும்பும் வீரனின் கதி என்ன என்று வினவினார். தாம் இக்கொலைகளைக் குறித்துச் சட்டப்படி அரசு வழக்கறிஞரிடம் முறையிட்டிருந்ததையும் மக்களுக்கு அறிவித்தார்.

அந்தப் பிரசங்கம் தட்டச்சிலும் கைப்பிரதியிலும் நாடெங்கும் பரவிற்று. போர்முனை வீரர் கைக்கும் சென்றது. பிரிட்டிஷ் விமானங்கள் அதை அச்சிட்டு வானத்திலிருந்து வீசின. காலெனைத் தூக்கிலிட வேண்டும் என்று நாஜித் தலைவர் சிலர் துடித்தனர். அவ்வாறு செய்தால் போர் முடியும்வரை வெஸ்ட்பாலியா மக்களின் ஒத்துழைப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று பிரசார அமைச்சர் கெபெல்ஸ் தடுத்தார். கணக்கைப் போருக்குப் பின் தீர்ப்போம் என்று ஹிட்லர் ஒத்திவைத்தார். ஆகஸ்டு 24ஆம் நாள், நச்சுவாயு நிலையங்களின் பணியை நிறுத்துமாறு ஹிட்லர் ஆணையிட்டார். அதற்கு இப்பிரசங்கம் மட்டுமே காரணம் என்று கூற இயலாது. குடும்பங்களின் முணுமுணுப்பு முன்பே ஓங்கியிருந்தது. ஆயினும் அந்த முணுமுணுப்புக்கு ஒரு குரல் கிடைத்தது அந்நாளிலேதான்.

வெற்றிக் கதை என்று இதை முடித்துவிடலாம். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. கொலை அடியோடு நிற்கவில்லை. பட்டினியாலும் மருந்து ஊசியாலும் 1945 வரை மறைவாக நடந்தது. நச்சுவாயு நிலையங்களில் பழகிய கையாட்கள் பலர் பின்னர் போலந்தில் யூதரைக் கொல்லும் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். காலென் தம் மாளிகையில் இருந்தார்; அவருடைய பிரசங்கத்தைப் படியெடுத்தவர்களே சிறை சென்றனர். லூபெக் நகரில் அதைப் பரப்பிய கத்தோலிக்க இளங்குருமார் மூவரும், அவர்களோடு உழைத்த லூத்தரன் போதகர் ஒருவரும் 1943 நவம்பர் 10ஆம் நாள் ஹாம்பர்கில் தலை துண்டிக்கப்பட்டனர். சொன்னவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறு நால்வர்.

இன்னொன்றும் உண்டு. 1941 டிசம்பர் 13ஆம் நாள் மூன்ஸ்டர் நகரத்து யூதர் ரிகா நகருக்கு ரயிலேற்றப்பட்டனர். அந்த மூன்று பிரசங்கங்களால் அரசையே அசைத்த நா, தன் நகரத்து யூதருக்காக வெளிப்படையாக அசையவில்லை. காலென் 1946இல் கர்தினால் ஆனார், அவ்வாண்டே மறைந்தார், 2005இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. வணங்கத்தக்க பெரியோர்தாம். ஆயினும் அவர் பேசியதையும் பேசாததையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

உட்ரெக்ட், 1942

அடுத்த ஆண்டு, அண்டை நாடான ஹாலந்தில் வேறொரு காட்சி.

1940 மே மாதத்தில் ஹாலந்து ஜெர்மானியர் வசமாயிற்று. ஸைஸ்-இன்குவார்ட் என்பவர் ஆணையராக வந்தார். உட்ரெக்ட் அதிமேற்றிராணியார் யோஹான்னஸ் டி யோங் தொடக்கத்திலிருந்தே வளையாதவர். நாஜிக் கட்சியின் விளம்பரங்களைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் வெளியிடலாகாது என்பது அவரது கட்டளை. அதை ஒவ்வொரு பத்திரிகை நிலையத்துக்கும் நேரில் எடுத்துச் சென்றவர் டைட்டஸ் பிராண்ட்ஸ்மா என்னும் கார்மேல் சபைத் துறவி. ஆபத்தை அறிந்தே அப்பணியை மேற்கொண்டார். 1942 ஜனவரியில் பிடிபட்டார்.

1942 ஜூலையில் ஹாலந்து யூதரை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றும் கொடுமை தொடங்கிற்று. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளுமாகப் பல திருச்சபையினர் ஒன்று கூடி, ஜூலை 11ஆம் நாள் ஆணையருக்குத் தந்தி அடித்துக் கண்டித்தனர். அதற்கு வந்த மறுமொழிதான் இக்கதையின் முடிச்சு. யூத இனத்தில் பிறந்து 1941க்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர்களை மட்டும் விட்டுவிடுவதாக ஜெர்மானியர் கூறினர். பின்னர், அத்தந்தியைக் கோயில்களில் வாசிக்கலாகாது என்றும் வற்புறுத்தினர்.

அன்பர்களே, இந்தப் பேரத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். உங்களைச் சேர்ந்த சிலரை விட்டுவிடுகிறோம். மற்றவர்களைப் பற்றி வாய் திறவாதீர்கள் என்பதே அதன் பொருள். கொடுங்கோலன் அச்சுறுத்தும்போது மட்டுமன்று, சலுகை தரும்போதும் அஞ்சத்தக்கவன்.

நெதர்லாந்து சீர்திருத்தச் சபையின் தலைமை, தந்தியை வாசிக்காமல் விட முடிவு செய்தது. அவர்களைக் கோழையர் என்று நாம் இகழவில்லை. தம் பொறுப்பில் உள்ள உயிர்களை எண்ணியே அவ்வாறு செய்தனர். டி யோங்கும் பிற கத்தோலிக்க மேற்றிராணியார்களும் இணங்கவில்லை. கோயிலில் எதை வாசிப்பது என்பதை அரசு முடிவு செய்யலாகாது என்றனர். ஜூலை 26, ஞாயிறு. நாடெங்கும் உள்ள கத்தோலிக்கக் கோயில்களில் மேற்றிராணியார்களின் மடல் தந்தியோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. அதே நாளில், ஜெர்மனியில் டாக்கௌ வதைமுகாமில், மடல் சுமந்த துறவி பிராண்ட்ஸ்மா நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். எண்பது ஆண்டு கழித்து, 2022 மே மாதம், அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மடல் வாசிக்கப்பட்ட அடுத்த ஞாயிறு, ஆகஸ்டு 2. ஜெர்மானியர் பழி தீர்த்தனர். யூத இனத்தில் பிறந்த கத்தோலிக்கர் இருநூறுக்கும் மேற்பட்டோரை வீடுகளிலும் மடங்களிலும் புகுந்து பிடித்தனர். எக்ட் என்னும் ஊரிலிருந்த கார்மேல் கன்னியர் மடத்திலிருந்து ஈடித் ஸ்டைன் என்னும் துறவியையும், உடனிருந்த அவர் தமக்கை ரோஸாவையும் இழுத்துச் சென்றனர். ஈடித் பிரெஸ்லாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், தத்துவப் பேராசிரியர் ஹுஸ்ஸெர்லிடம் பயின்ற அறிஞர், 1922இல் கத்தோலிக்கரானார், ஜெர்மனியில் இருக்க இயலாமல் 1938இன் இறுதி நாளில் எக்ட் மடத்துக்கு வந்தவர். அவரும் ரோஸாவும் 1942 ஆகஸ்டு 9ஆம் நாள் ஆஷ்விட்ஸில் மாண்டனர். சகோதரிக்கு அப்போது வயது 50.

டி யோங்குக்கு ஒன்றும் நேரவில்லை. மடலை வாசிக்காத சபையைச் சேர்ந்த யூதக் கிறிஸ்தவருக்கு அவ்வேளையில் அந்தச் சலுகை நீடித்தது. இவ்விரண்டையும் மறைத்து இக்கதையைச் சொல்லுதல் நேர்மையாகாது.

படிப்பகத்து வாதம்

இதுவரை கேட்டிருந்த தமிழாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஐயா, வாய்மைக்கு வள்ளுவர் வகுத்த இலக்கணம் என்ன? பிறருக்குச் சிறிதும் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்றாரன்றோ? இருநூறு பேரைச் சிறைப்படுத்திய சொல்லை வாய்மை என்று எவ்வாறு கூறுவது? அவர் வாசிக்காமல் இருந்திருந்தால் அந்த அம்மையார் பிழைத்திருப்பார்.”

“அதே வள்ளுவர் அமைச்சு அதிகாரத்தில் வேறொன்றும் சொன்னார் அல்லவா, ஐயா?” என்றார் ரயில்வேப் பெரியவர். “அறிவுரையை அழிக்கும் அரசனாயினும், அருகிருப்பவன் உறுதியானதை எடுத்துச் சொல்லுதல் கடன் என்று கூறவில்லையா? தீங்கு சொல்லிலிருந்து பிறந்ததா, கொலைகாரன் கையிலிருந்து பிறந்ததா? மடலை வாசித்தவரைக் குற்றவாளி ஆக்கினால், ரயிலை ஓட்டியவன் நிரபராதி ஆகிவிடுவான்.”

ஆசிரியர் விடவில்லை. “கொலைகாரன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் புலி இருக்கும் குகை என்று தெரிந்தும் பிறர் பிள்ளையை முன்னே அனுப்புவதா? தம் உயிரைக் கொடுக்க ஒருவர்க்கு உரிமை உண்டு. பிறர் உயிரைக் கொடுக்க யார்க்கு உரிமை?”

சற்று நேரம் எவரும் பேசவில்லை. அப்போது பாட்டியார் கேட்டார்:

“நீங்கள் எல்லாம் அந்த அம்மாவுக்காகப் பேசுகிறீர்களே, அந்த அம்மாவை யாராவது கேட்டார்களா? பேசலாமா வேண்டாமா என்று அவர் என்ன சொல்லியிருப்பார்?”

அன்பர்களே, இவ்வினாவுக்கு வரலாற்றில் விடை உண்டு. அவ்விடையை நாம் அறிந்திருந்தும், பாட்டியார் கேட்கும்வரை நம் நினைவுக்கு அது வரவில்லை.

1933ஆம் ஆண்டு ஏப்ரலில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த வேளையில், ஈடித் ஸ்டைன் பாப்பரசர் பதினோராம் பத்திநாதருக்கு ஒரு மடல் வரைந்தார். யூதருக்கு இழைக்கப்படும் கொடுமையை எடுத்துரைத்தார். கிறிஸ்தவர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் அரசினரே இதைச் செய்கின்றனர் என்றார். திருச்சபை வாய் திறக்க வேண்டும் என வேண்டினார். வாளாவிருப்பவர் மேலும் பொறுப்பு விழும் என்றும், மௌனத்தால் நெடுநாள் அமைதியை விலைக்கு வாங்க இயலாது என்றும் கருத்துப்பட எழுதினார். அம்மடல் பாப்பரசருக்குக் காட்டப்பட்டதாக, அப்போது அவருடைய அரசுச் செயலராக இருந்த கர்தினால் பச்செல்லி, மடலை அனுப்பிவைத்த மடாதிபதிக்கு மறுமொழி விடுத்தார். வெளிப்படையான சொல் வரவில்லை. அவ்வாண்டு ஜூலையில் ரோமாபுரிக்கும் ஹிட்லர் அரசுக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மடல் 2003இல்தான் உலகுக்கு வெளியாயிற்று.

ஆகவே, எந்தச் சொல்லால் ஈடித் உயிரிழந்தாரோ, அந்தச் சொல்லையே ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்டிருந்தார். தம் பெயரைச் சொல்லி மற்றவர் மௌனம் காப்பதை அவர் விரும்பியிருக்க மாட்டார் என்று நாம் துணிந்து கூறலாம். ஆனால் அன்று பிடிபட்ட ஏனையோர் சார்பிலும் அவ்வாறு கூற நமக்கு உரிமை இல்லை. அவர்களுள் குழந்தை குட்டிகளோடு வாழ்ந்தவரும் இருந்தனர். அவர்களை எவரும் கேட்கவில்லை. இந்த முள் அகலாது. அகற்ற முயலவும் வேண்டுவதில்லை.

மௌனத்தின் கணக்கு

பேசியதன் விலையைக் கணக்கிட்டோம். பேசாமையின் விலையையும் கணக்கிட வேண்டும். அது கடினமான கணக்கு. பேசியவரின் பழி ஒரு நாளில் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். பேசாதவரின் பழி பல்லாண்டுகளில் சிதறிக் கிடக்கும்.

ஹாலந்தில் வாழ்ந்த யூதர் ஏறத்தாழ 1,40,000 பேர். போர் முடிவதற்குள் மாண்டவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர். மடல் வாசிக்கப்பட்டிருந்தாலும் வாசிக்கப்படாவிட்டாலும் அந்த ரயில்கள் ஓடியே இருக்கும். மௌனம் காத்திருக்கக்கூடியது சிலரை, அதுவும் கொடியவன் மனம் மாறும்வரை மட்டுமே.

பச்செல்லி 1939இல் பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் பெயரோடு பாப்பரசரானார். 1943 ஏப்ரல் 30ஆம் நாள் பெர்லின் மேற்றிராணியார் பிரைசிங்குக்கு அவர் எழுதிய மடலில், பழிவாங்கலுக்கு இடந்தருமா என்பதை அந்தந்த இடத்து மேற்றிராணியார்களே எடைபோட்டுப் பேசவோ அடங்கவோ வேண்டும் என்றார். பெருந்தீங்கைத் தவிர்க்கத் தாமும் அடங்கியிருப்பதாகக் குறிப்பிட்டார். அதற்கு முன், 1942 கிறிஸ்துமஸ் உரையில், தம் குற்றம் ஏதுமின்றி இனத்தின் பொருட்டே சாவுக்குக் குறிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோரைச் சுட்டினார். ஆனால் யூதர் என்றோ நாஜி என்றோ பெயர் கூறவில்லை. 1943 அக்டோபர் 16ஆம் நாள் அவருடைய ரோமாபுரியிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் பிடிக்கப்பட்டு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பியவர் பதினாறு பேர். அன்று வத்திக்கான் செயலர் ஜெர்மானியத் தூதரை அழைத்துத் தனியே கண்டித்தார். வெளிப்படையான கண்டனம் எழவில்லை. அதே வேளையில், ரோமாபுரியின் மடங்களும் கன்னியர் இல்லங்களும் ஆயிரக்கணக்கான யூதருக்கு மறைவிடம் தந்தன. அவர் பேசியிருந்தால் அம்மடங்களும் சூறையாடப்பட்டிருக்கும் என்பார் ஒரு சாரார். பேசியிருந்தால் ஐரோப்பாவின் மனச்சான்று விழித்திருக்கும் என்பார் மறுசாரார். 2020இல் வத்திக்கான் தன் ஆவணக் களஞ்சியத்தைத் திறந்த பின்னும் வழக்கு முடியவில்லை.

பெர்லினில் பெர்ன்ஹார்ட் லிஹ்டென்பெர்க் என்னும் குருவானவர் இருந்தார். 1938 நவம்பரில் யூதர் கோயில்கள் எரிக்கப்பட்ட நாள் முதல், தம் கோயிலில் மாலைதோறும் யூதருக்காக வெளிப்படையாக வேண்டினார். யாரோ காட்டிக்கொடுக்க, 1941 அக்டோபரில் சிறைப்பட்டார். நாடுகடத்தப்படும் யூதரோடு தம்மையும் அனுப்புமாறு கேட்டார். 1943 நவம்பரில் டாக்கௌவுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் உயிர் துறந்தார். நம் நக்கீரர் மரபில் வைக்கத்தக்கவர் இவர். ஆனால் ஒரு குருவானவருக்கு எளிதாகும் அறம், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பொறுப்பை ஏற்ற தலைவருக்கு எளிதாவதில்லை. தன் ஒரு தலையைக் கொடுப்பது துணிவு. பிறர் தலைகளையும் சேர்த்து எண்ண வேண்டியவன் நிலைமை அதனினும் கொடிது.

தூலூஸிலிருந்து ஒரு மடல்

ஹாலந்து மடல் வாசிக்கப்பட்டு நான்கு வாரங்களே ஆகியிருந்தன. 1942 ஆகஸ்டு 23. பிரான்ஸ் நாட்டுத் தூலூஸ் நகரத்து அதிமேற்றிராணியார் சலியேஜ், பக்கவாதத்தால் தளர்ந்தவர், பேச்சும் தடுமாறும். அவர் சில வரிகளே கொண்ட ஒரு மடலை எழுதிக் கோயில்களில் வாசிக்கச் செய்தார். யூதரும் மனிதரே, நம் உடன்பிறப்புகளே, அவர்களுக்கு எதனையும் செய்துவிடலாம் என்று எண்ணலாகாது என்பதே அதன் கருத்து. அரசு அதிகாரி தடுத்தும் பல கோயில்களில் அது வாசிக்கப்பட்டது. லண்டன் வானொலியும் அதைப் பரப்பிற்று.

அடுத்த ஞாயிறு, அண்டை மறைமாவட்டமாகிய மோன்தோபானின் மேற்றிராணியார் தேயாஸும் இவ்வாறே ஒரு மடல் விடுத்தார். அஞ்சலில் அனுப்பினால் தணிக்கையில் சிக்கும் என்று, மாரி-ரோஸ் ழினெஸ்த் என்னும் பெண்மணி அதைத் தட்டச்சு செய்து, சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று குருமார் கையில் சேர்த்தார். அவர் அம்மடலோடு நிற்கவில்லை. பின்னர் யூதக் குடும்பங்களை மறைத்து வைப்பதிலும், அவர்களுக்குப் போலி அடையாளச் சீட்டும் உணவும் சேர்ப்பதிலும் ஈடுபட்டார். தேயாஸ் 1944 ஜூனில் ஜெர்மானியரால் கைது செய்யப்பட்டார்.

பிரான்ஸில் யூதருள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பிழைத்தனர். ஹாலந்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் மாண்டனர். இவ்வேறுபாட்டுக்கு நில அமைப்பு, ஆட்சி முறை எனக் காரணம் பல உண்டு. இரண்டு மடல்களை வைத்து இதனை விளக்கிவிட முடியாது. ஆயினும் ஒன்றை நாம் காண்கின்றோம். தூலூஸிலும் மோன்தோபானிலும் சொல் காதில் விழுந்து கரைந்து போகவில்லை. கேட்டவர்களிற் பலர் கதவைத் திறந்தனர். மடங்களிலும் பள்ளிகளிலும் பண்ணை வீடுகளிலும் குழந்தைகள் வேறு பெயரோடு வளர்ந்தனர். ஹாலந்திலும் அத்தகைய கதவுகள் திறக்கவே செய்தன. சொல்லுக்குப் பின் கைகளும் உழைக்குமானால், சொல்லின் விலை வீணாவதில்லை.

நமக்கு

இவையெல்லாம் ஐரோப்பாவின் கதை. நமக்கென்ன என்று அன்பர்கள் வினவலாம். நம் வாழ்வு அத்தகைய கொடுமையைக் கண்டதில்லை, காணவும் வேண்டாம். ஆயினும் பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் குடும்பங்கள் நாம். “பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் வம்பு?” என்னும் சொல் நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கின்றது. நம்மைப்போல் பிழைக்க வந்த வேறொருவர்க்குத் தெருவில் அநீதி நேரும்போது, கதவைச் சாத்திக்கொள்ள அச்சொல் உதவுகின்றது. “உங்களை ஒன்றும் செய்யமாட்டோம், அவர்களைப் பற்றிக் கேளாதீர்கள்” என்று வல்லவர் ஒருவர் கூறினால், அதை நல்வாக்காகக் கொண்டு நிம்மதி அடைகின்றோம். 1942இல் ஹாலந்துக் கிறிஸ்தவருக்குத் தரப்பட்ட வாக்கும் அதுவே.

மறுபுறம், மேடையில் முழங்கிவிட்டுக் காவலுள்ள வீட்டுக்குத் திரும்பும் தலைவர்களும் எங்கும் உண்டு. அந்த முழக்கத்துக்கு மறுநாள் விடை சொல்ல வேண்டியவர், நடைபாதையில் இட்லிக் கடை வைத்திருப்பவரும், ஒண்டுக்குடித்தனத்தில் வாழும் கூலிக்காரருமே. அவர்களைக் கேட்காமல் அவர்கள் பெயரால் பேசுவதும் ஒருவகைக் கொடுமையே.

ஆகவே நம் கருத்தை இவ்வாறு கூறுவோம். தலைமை ஏற்றவர், பேசுமுன் விலை கொடுக்கப் போகிறவரை நினைக்க வேண்டும். இயன்றால் கேட்கவும் வேண்டும். ஆனால் அவரைச் சாக்காக்கித் தம் அச்சத்துக்கு அறம் என்று பெயரிடலாகாது. நம்மவருக்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்பை, பிறர் அழிவைப் பேசாமையால் வாங்கலாகாது. பேசிய பின், அச்சொல்லால் இடருற்றவரைக் காக்கத் தம் வீட்டுக் கதவையே முதலில் திறக்க வேண்டும். டி யோங் செய்தது சரி என்றே நாம் எண்ணுகின்றோம். எண்ணும்போதே அந்த இருநூறு பேரை மறக்க முடியாமலும் இருக்கின்றோம். தமிழாசிரியர் இன்னும் நம்மோடு உடன்படவில்லை. ரயில்வேப் பெரியவரும், உட்ரெக்ட் கோயிலில் அம்மடலை வாசிக்கும் குருவாகத் தாம் இருந்திருந்தால் கை நடுங்கியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

வகுப்பு முடிந்து பேரன் வந்தான். பாட்டியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, “அடுத்த வாரமும் இதையே பேசுங்கள், நானும் வருகிறேன்” என்று சொல்லிச் சென்றார். அன்பர்களும் வருக. வர இயலாதோர் தம் கருத்தை எழுதி அனுப்புக.